பழைய சங்கிலி வாளும் பழுது பார்க்கும் கலையும்

மரத்தை வீழ்த்துதற்கென மனிதன் ஆக்கிக்கொண்ட கருவிகளுள் மிகக் கொடியது எனப் பெயர் பெற்றது சங்கிலி வாள். காட்டிலே அதன் ஓசை எழுந்த மாத்திரத்தே பறவையினம் பதறி எழுந்து பறக்கும். ஆயினும், இக்கருவியின் முன்னோர் பிறந்த இடம் காடன்று, வைத்தியசாலையே என்று கூறின் நம்மிற் பலர் வியப்படைவர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்கொத்லாந்து தேசத்து வைத்தியர்களாகிய ஜோன் எயிற்கென், ஜேம்ஸ் ஜெவ்ரி என்னும் இருவர், எலும்பை அறுப்பதற்காக ஒரு சிறு சங்கிலியைப் பயன்படுத்தினர். அச்சங்கிலியின் கண்ணிகளிலே நுண்ணிய பற்கள் இருந்தன. இரு முனைகளிலும் கைப்பிடிகள் இருந்தன. எலும்பைச் சுற்றி அதனை இட்டு, இருபுறமும் மாறிமாறி இழுப்பர். பின்னர், ஏறத்தாழ 1830இல், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரத்து வைத்தியராகிய பேர்ன்ஹார்ட் ஹைனே என்பார் அதனை மேலும் திருத்தினார். ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடுமாறு அமைத்து, அதனைக் கைப்பிடியாற் சுழற்றினார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. அறுவை எவ்வளவு விரைவாக முடிகின்றதோ அவ்வளவுக்கு நோயாளியின் வேதனை குறையும். ஆகவே, சங்கிலி வாளைத் தோற்றுவித்தது மனிதனுடைய இரக்கமே எனலாம்.

இரக்கத்திலே பிறந்த கருவி காட்டினுள் எவ்வாறு புகுந்தது? அது வாழ்ந்து முடித்த பின்னரும், பழைய வாள்களைத் தேடிக் கண்டெடுத்து, துருவகற்றி, மீண்டும் இயங்கச் செய்து மகிழும் ஒரு கூட்டத்தார் ஜேர்மனி, சுவீடன், அமெரிக்கா, கனடா முதலிய தேசங்களிலே இன்றும் இருப்பது எதனால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

இருவர் சுமந்த இயந்திரம்

நம் நாட்டிலே பெரிய மரங்களைப் பலகையாக அரிந்த முறையை முதியோர் அறிவர். குழியின்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று நீண்ட வாளை இழுப்பர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலே ஓங்கி வளர்ந்த செம்மரங்களை வீழ்த்தியவர்களும் இத்தகைய இருவர் வாளையும் கோடரியையுமே நம்பியிருந்தனர். ஒரு மரத்தை வீழ்த்தச் சில வேளைகளிற் பல நாள் செல்லும். இந்த உழைப்பைச் சுருக்க விரும்பிய சாமுவேல் பென்ஸ் என்பவர், 1905இல், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து முடிவில்லாச் சங்கிலி வாள் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் தோன்றிவிட்டது, எனினும் அதனைச் சுழற்றத்தக்க இலேசான என்ஜின் அக்காலத்தில் இல்லை.

அக்குறையை நீக்கியவர்கள் ஜேர்மானியர். அந்திரேயாஸ் ஸ்ரீல் என்னும் பொறியியலாளர், ஸ்ருட்கார்ட் நகரிலே தாம் நிறுவிய தொழிலகத்தில், 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளை ஆக்கினார். அதன் நிறை 64 கிலோகிராம். மறு ஆண்டு, எமில் லேர்ப் என்பார் துரிங்கியா மாநிலத்திலுள்ள டொல்மார் என்னும் மலையிலே பெற்றோலால் இயங்கும் வாளைப் பரீட்சித்தார். அது 58 கிலோகிராம் நிறையும் 8 பரிவலுவும் உடையது. அந்த மலையின் பெயரே பின்னர் அவருடைய கம்பனிக்கும் பெயராயிற்று. 1929இல் ஸ்ரீலும் பெற்றோல் வாளை வெளியிட்டார். அதன் நிறை 46 கிலோகிராம், வலு 6 பரிவலு.

இவற்றை ஒருவர் தனித்துத் தூக்க இயலாது. என்ஜினை ஒருவர் தாங்க, அலகின் நுனியிலுள்ள கைப்பிடியை மற்றொருவர் பற்றுவர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே, இலேசான அலுமினியம், மக்னீசியம் ஆகிய உலோகங்களை வார்க்கும் திறன் பெருகியமையால், ஒருவர் கையாளும் வாள் பொதுவழக்கிற்கு வந்தது. அமெரிக்காவில் மக்கலக் கம்பனி 1949இல் 25 இறாத்தல் நிறையுள்ள வாளை விற்பனைக்கு விட்டது. ஜேர்மனியில் 1950இல் ஸ்ரீல் கம்பனியின் 16 கிலோகிராம் வாள் வந்தது. 1959இல் அதே கம்பனி ‘கொன்ரா’ என்னும் வாளை வெளியிட்டது. 12 கிலோகிராம் நிறையும் 6 பரிவலுவும் உடைய இந்த வாளிலே இடைப் பற்சில்லுகள் இல்லை. என்ஜினின் சுழற்சி நேரே சங்கிலிக்குச் செல்லும். துவக்குத் தொழிற்சாலையாக 1689இல் தொடங்கி, தையல் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் ஆக்கிவந்த சுவீடன் தேசத்து ஹுஸ்க்வர்னா கம்பனி தன் முதற் சங்கிலி வாளை வெளியிட்டதும் இதே 1959ஆம் ஆண்டிலேதான்.

மக்கலக் கம்பனியைத் தோற்றுவித்த றொபேட் மக்கலக் வேறொரு செயலாலும் பெயர் பெற்றவர். இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதியின் குறுக்கே நின்ற 1831ஆம் ஆண்டின் இலண்டன் பாலம் விலைக்கு வந்தபோது, 1968இல் அதனை 24,60,000 டொலருக்கு வாங்கினார். அதன் கற்களைக் கழற்றிக் கப்பலேற்றி, அரிசோனாப் பாலைநிலத்திலே தாம் அமைத்த நகரிற் பொருத்தி, 1971இல் திறந்துவைத்தார். மரம் வீழ்த்தும் வாளை விற்ற செல்வம் பழைய பாலமொன்றை அழியாது காத்தது. பழைய பொருளை மீட்டெடுத்தல் என்னும் ஆசை வாளைச் செய்தவரிடமே இருந்தது போலும்.

புழு கற்பித்த பாடம்

என்ஜின் இலேசாயிற்று. ஆயினும் சங்கிலியிலே ஒரு பெருங்குறை இருந்தது. பழைய சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவை மரத்தைக் கீறிக்கீறித் தூளாக்கும். விரைவில் மழுங்கும், அரத்தினால் அவற்றைத் தீட்டுதற்கு நெடுநேரம் செல்லும்.

ஒறேகன் மாநிலத்திலே மரம் வெட்டுபவராயிருந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946இல் ஒருநாள், ஓர் அடிமரக் கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கண்டார். சுட்டுவிரல் அளவேயுள்ள அப்புழு மரத்தின் நார் ஓடும் திசை எதுவாயினும் பொருட்படுத்தாது, நெடுக்காகவும் குறுக்காகவும் துளைத்துச் சென்றது. அதன் தாடைகளைக் கூர்ந்து நோக்கினார். அவை வளைந்த வடிவின. மரத்தை நேரே கீறாமல், இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவின. அவ்வடிவையே இரும்பிற் செய்தால் என்ன என்று எண்ணினார். போட்லன்ட் நகரிலுள்ள தம் வீட்டின் நிலவறையிலே முயன்று, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக வளைந்த பற்களையுடைய சங்கிலியை ஆக்கி, 1947இல் அதனை விற்பனைக்கு விட்டார். உலகெங்கும் இன்று வழங்கும் சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே.

மாணவர்கள் இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்புழுவை அவருக்கு முன்னர் ஆயிரமாயிரம் மரவெட்டிகள் கண்டிருப்பர். கண்டவர் அதனைத் தட்டிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தனர். இவரோ அரத்தோடு மல்லாடி அலுத்துப்போனவர். ஆகவே அதனிடம் வினாவொன்றைக் கேட்டார். உழைப்பின் வருத்தத்தை உணர்ந்தவனுக்கே இயற்கை தன் உபாயத்தைக் காட்டுகின்றது.

செத்த வாளுக்கு உயிரூட்டல்

இனி, பழுது பார்ப்போரின் மேசையருகே செல்வோம். அறுபது ஆண்டுகளாகக் கொட்டிலிற் கிடந்த ஒரு வாள் அவர் கைக்கு வருகின்றது. மரத்தூளும் எண்ணெயும் இறுகி அதன்மேல் ஓடுபோற் படிந்திருக்கின்றன. அனுபவமற்றவன் உடனே கயிற்றை இழுத்து என்ஜினை எழுப்பப் பார்ப்பான். அறிந்தவர் அவ்வாறு செய்யார். முதலிற் சைலன்சரைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே உருளையினுள் நோக்குவர். பிஸ்ரனின் பக்கம் மழமழப்பாயிருப்பின் நல்லது. நெடுங்கீறல்கள் காணப்படின், எண்ணெயின்றி ஓடி உராய்ந்து வெந்தது என்று பொருள்.

பின்னர் மூன்று பொருள்கள் ஆராயப்படும். அவை தீப்பொறி, எரிபொருள், அமுக்கம் என்பன. இம்மூன்றும் உரிய வேளையில் ஒன்று சேர்ந்தால் என்ஜின் எழும்பியே தீரும். ஒன்று குறையினும் எழும்பாது.

அமுக்கத்தை அறிதற்கு ஒரு பழைய முறை உண்டு. இழுகயிற்றின் பிடியைப் பற்றி, வாளைத் தொங்கவிடுவர். அதன் நிறையினாற் கயிறு மெல்லமெல்ல, தயங்கித்தயங்கி வெளிவருமாயின் அமுக்கம் நன்று. வாள் ஒரேயடியாகச் சரிந்து இறங்குமாயின், பிஸ்ரன் வளையம் தேய்ந்துவிட்டது என்பது தெளிவு. கருவியின் நிறையே கருவியைச் சோதிக்கின்றது!

தீப்பொறியைத் தருவது மக்னீற்றோ. பறப்புச் சில்லிலே பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும்போது மின்னோட்டம் பிறக்கின்றது; பொயின்ற் எனப்படும் தொடுகை அவ்வேளை பிரிய, உயர்ந்த அழுத்தமுள்ள மின்னாக அது பிளக்கிலே பொறியாய்ப் பாய்கின்றது. மைக்கல் பரடே 1831இற் கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. பல பழைய வாள்களிலே பொயின்ற் பிரியவேண்டிய தூரம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. நெடுங்காலம் கிடந்த வாளிலே இத்தொடுகைப் பரப்பில் நுண்ணிய களிம்பு படிந்திருக்கும். அதுவே பொறி எழாமைக்குக் காரணமாயிருத்தல் மிகச் சாதாரணம். பலர் இதனை அறியாது கம்பிச்சுருளையே மாற்றப் புறப்படுவர். துப்புரவான ஒரு துண்டுக் கடதாசியைத் தொடுகைகளுக்கு இடையே வைத்து இழுத்தாலே சில வேளைகளில் நோய் தீர்ந்துவிடும். கம்பிச்சுருளுக்கும் பறப்புச் சில்லுக்கும் இடைவெளி வைப்பதற்கு முகவரி அட்டை ஒன்றைச் செருகி அளப்பது அவர்களுடைய வழக்கம்.

எரிபொருளைப் பக்குவப்படுத்துவது காபரேற்றர். ஆதி வாள்களிலே மிதவையுள்ள காபரேற்றர் இருந்தது. மிதவை நிமிர்ந்து நின்றாலன்றி வேலை செய்யாது. வாளைச் சரித்தால் என்ஜின் நின்றுவிடும். எனவே, என்ஜின் நிமிர்ந்திருக்க அலகை மாத்திரம் திருப்பும் பொறியமைப்பைச் சேர்த்தனர். நிறை மேலும் கூடிற்று. பிற்காலத்திலே மிதவைக்குப் பதிலாக மெல்லிய மென்றகடு ஒன்றை வைத்தனர். கிறாங்க் பெட்டியில் மாறிமாறித் தோன்றும் அமுக்கத்தால் எரிபொருள் இழுக்கப்பட, மற்றொரு மென்றகடு வேண்டிய அளவினை உள்ளே விட்டது. அதன் பின்னர் வாளை எப்பக்கம் சரிப்பினும், தலைகீழாகப் பிடிப்பினும் என்ஜின் ஓடிற்று. மரவெட்டியின் விடுதலை இந்தக் கடதாசி போன்ற தகட்டிலே தங்கியிருந்தது. காலப்போக்கில் இத்தகடு வரண்டு விறைத்துவிடும். புதிய தகடும், புதிய எரிபொருட் குழாயும் இட்டாலே பாதி வாள்கள் உயிர் பெறும்.

எண்ணெய் விடயம் தனியே கூறத்தக்கது. ஈரடி என்ஜினிலே பெற்றோலுடன் கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பு ஊட்டுகின்றது. பழைய கைந்நூல்கள் பலவற்றிலே 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்று விதித்தனர். இக்காலத்து எண்ணெய்கள் மேலானவை. புதிய வாள்களுக்கு 50 பங்கிற்கு 1 பங்கு போதும். அதனைக் கேட்டுப் பழைய வாளுக்கும் அவ்வாறே ஊற்றுதல் தகாது. பழையதற்கு எண்ணெய் சற்று மிகுதியாயிருத்தலே காவல். 25க்கு 1 எனக் கலப்பதாயின், 5 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய் என மாணவர் கணக்கிட்டு அறியலாம்.

பிணிகளுள் மறைந்து நின்று கொல்வது காற்றுக் கசிவு. தண்டின் இரு பக்கத்தும் உள்ள எண்ணெய்ச் சீல்கள் விறைத்து வெடித்தால் அவ்வழியே காற்று உட்புகும். கலவையிலே எரிபொருள் குறையும். அதனோடு எண்ணெயும் குறையும். என்ஜின் முன்னெப்போதும் இல்லாத வேகத்தோடு உற்சாகமாகப் பாடும். அறியாதவன் “ஆகா, வாள் இளமை பெற்றுவிட்டது!” என மகிழ்வான். அறிந்தவர் உடனே நிறுத்திவிடுவர். ஏனெனில், சில நிமிடங்களில் வெப்பம் மிகுந்து பிஸ்ரன் உருளையோடு ஒட்டிக்கொள்ளும்.

உடலின் உலோகத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பல வாள்களின் உடல் மக்னீசியக் கலப்புலோகம். மக்னீசியமும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால், ஒரு சிறு மின்கலம் போலாகி, மக்னீசியம் அரிபடும். அதனால் இரும்பு ஆணிகள் உள்ளே இறுகிவிடும். வலிந்து திருகினால் முறியும். எண்ணெய் இட்டு, ஒருநாள் காத்திருந்து, சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருப்புதலே முறை. சுடுவதற்குத் தீயைக் கொண்டுவருதல் பேராபத்து; மக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் நீரூற்றியும் அணைக்க முடியாது, நீர் அதனை மேலும் வளர்க்கும். இரசாயனப் பாடத்திலே வெண்சுடரோடு எரியும் மக்னீசியத் துண்டைக் கண்ட மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதியிற் சங்கிலியைத் தீட்டவேண்டும். உருண்ட அரத்தை ஒரே சாய்விலே, பொதுவாக 30 பாகை அளவிலே பிடித்து, ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளியே ஒரே எண்ணிக்கையான தள்ளுகளாற் கூராக்குவர். ஒருபுறப் பற்கள் நீண்டும் மறுபுறப் பற்கள் குறுகியும் இருப்பின், வாள் நேரே அறுக்காது ஒருபக்கம் வளைந்து செல்லும். கூரான சங்கிலி மரச்சீவலை உதிர்க்கும். மழுங்கிய சங்கிலி மாவை உதிர்க்கும். ஆகவே, வாளின் நலத்தை அறிய நிலத்தைப் பார்த்தாற் போதும்.

போற்றுதலும் அஞ்சுதலும்

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய வாளை என் செய்வது? இங்கேதான் பழுது பார்ப்போரிடையே ஒரு மெய்யான தர்க்கம் எழுகின்றது.

பழைய வாளிற் சங்கிலித் தடை இல்லை. முன்கையைக் காக்கும் மறைப்பும் இல்லை. சுழலும் சங்கிலியின் விரைவை எண்ணிப் பாருங்கள். கண்ணியின் அளவு 3/8 அங்குலமும், ஓட்டும் பற்சில்லின் பற்கள் 7உம், என்ஜினின் சுழற்சி நிமிடத்திற்கு 9,000உம் எனக் கொள்வோம். ஒரு சுழற்சியிலே சங்கிலி ஐந்தேகால் அங்குலம் நகரும். எனவே, விநாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர். மணிக்கு 72 கிலோமீற்றர். அலகின் நுனியின் மேற்பகுதி மரத்திலே தட்டுப்படின், அந்த விரைவு முழுவதும் திரும்பி, அலகு மேலெழுந்து வெட்டுபவனுடைய முகத்தை நோக்கிப் பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இதனைத் தடுப்பதற்குச் சங்கிலித் தடை 1970களின் தொடக்கத்திலேதான் வந்தது. அதற்கு முன்னர் எத்தனை தொழிலாளரின் உடலிலே வடுக்கள் ஏறின!

மற்றொரு தீங்கு மெல்ல வந்தது. நாள் முழுவதும் அதிரும் கைப்பிடியைப் பற்றிய தொழிலாளரின் விரல்கள், குளிர்காலத்திலே வெளுத்து மரத்துப்போயின. விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதுபட்டமையே காரணம். 1960களிலே ஜப்பான் முதலிய தேசங்களிற் காட்டுத் தொழிலாளரிடையே இந்த வெண்விரல் நோய் பெரும் பிரச்சினையாயிற்று. சட்டைப் பொத்தானைப் பூட்டவும் இயலாத கைகள் பல. அக்காலத்தின் நடுப்பகுதியிலிருந்து கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் இடையே றப்பர் மெத்தைகளை வைத்து அதிர்வைக் குறைக்கத் தொடங்கினர்.

எனவே, பழைய வாளுக்கு மூல வடிவத்தை அப்படியே மீட்டுக் கொடுப்பதா, அன்றிக் காவற் கருவிகளைப் பொருத்தி வடிவத்தை மாற்றுவதா என்பது வினா. மாற்றினால் அது வரலாற்றுச் சான்று ஆகாது. மாற்றாவிடின் அது கையை வெட்டும் கருவி. இருசாராரும் தத்தம் நியாயங்களைக் கூறுவர். எமது கருத்து யாதெனில், பழைய வாளைப் பழையபடியே மீட்டல் வேண்டும். ஆயின் அதனைக் கொண்டு வேலை செய்தல் வேண்டா. விழாக்களிலே, கற்றறிந்தோர் கையில், செவிக்கும் கண்ணுக்கும் காலுக்கும் தக்க காப்பு அணிந்து, கிடத்திய கட்டையொன்றைச் சில கணம் அறுத்துக் காட்டுதல் போதும். அதன் குறைகளை மறைத்தல், அதனைத் தாங்கிய மனிதரின் துன்பத்தை மறைத்தலாகும். தடையில்லாத அந்த அலகையும், மெத்தையில்லாத அந்தக் கைப்பிடியையும் இளைஞன் ஒருவன் தன் கையாற் பற்றிப் பார்க்கும்போதே, இக்காலத்துக் காப்புகள் எவ்வளவு விலை கொடுத்துப் பெறப்பட்டன என்பதை உணர்வான்.

இதனோடு ஒத்த இன்னுமொரு வினாவும் உண்டு. காட்டை அழித்த கருவியைப் போற்றலாமா? கலிபோர்னியாவின் கரையோரத்து முதிர்ந்த செம்மரக் காட்டிலே, நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே இன்று எஞ்சியுள்ளது. அவற்றைக் காக்கும் தேசியப் பூங்கா 1968இல் நிறுவப்பட்டது. அந்த அழிவைத் தொடங்கியது கோடரியும் கைவாளும். விரைவாக்கியது சங்கிலி வாள். ஆயினும், பழியைக் கருவியின்மீது சுமத்திவிட்டு மனிதன் தப்பிவிடலாமா? அதே வாள்தான் புயலில் வீழ்ந்த மரங்களை நீக்கி வழியைத் திறக்கின்றது. காட்டுத்தீ பரவாதபடி இடைவெளி வெட்டுகின்றது. எலும்பறுத்து உயிர்காத்த சங்கிலியே வனத்தை அறுத்தது. எதை அறுப்பது, எதை விடுவது என்பதை வாள் அறியாது. அறியவேண்டியவன் அதன் கைப்பிடியைப் பற்றியவன்.

பழுது பார்ப்பதால் வரும் பயன்

ஆயுத பூசை நாளிலே உளிக்கும் வாளுக்கும் சந்தனம் இடும் மரபு நம்முடையது. கருவியைப் போற்றுதல் என்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் சந்தனம் இட்டுவிட்டு, மறுநாள் அதனைத் துருவேற விடுதல் போற்றுதலாகாது. கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டுதலே உண்மையான பூசை.

பழைய வாள்களை ஆக்கிய கம்பனிகள் பல மறைந்தன அல்லது கைமாறின. மக்கலக் கம்பனி 1999இல் நொடித்து, அதன் பெயர் மட்டும் பிறர் கையிற் போயிற்று. உதிரிப் பாகங்கள் கடையிற் கிடைப்பதில்லை. ஆகவே, செத்த வாள் இரண்டைக் கொண்டு உயிருள்ள வாள் ஒன்றை ஆக்குவர். கஸ்கற் இல்லையாயின் தடித்த கடதாசியிலே வெட்டிக்கொள்வர். ஆணி இல்லையாயின் கடைந்துகொள்வர். இவ்வேலையில் முதியவரின் அனுபவமும் இளையவரின் கண்ணொளியும் ஒன்று சேர்கின்றன. இளைஞன் ஒருவன் முதியவரிடம் சென்று, “ஐயா, இந்தச் சத்தம் எதனால் வருகின்றது?” என வினவ, அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கிளட்ச் தேய்ந்துவிட்டது” என்று விடை பகர்வார். அச்செவியறிவை எந்தக் கைந்நூலும் தராது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். இவ்வாள்களை மீட்போர் அஞ்சுவது இரும்பு துருவேறுவதற்கன்று. இந்த அறிவு கேட்பாரின்றி அழிந்துபோவதற்கே.

நம் வீடுகளிற் சங்கிலி வாள் இல்லாதிருக்கலாம். ஆயின் மூலையிலே ஒதுக்கப்பட்ட தையல் இயந்திரம் இருக்கும். கிணற்றடியிலே ஓடாது நிற்கும் நீரிறைக்கும் இயந்திரம் இருக்கும். சங்கிலி அறுந்த சைக்கிள் ஒன்றேனும் இருக்கும். விடுமுறை நாளிலே மாணவர்கள் அவற்றுள் ஒன்றை எடுத்து, அறிந்த ஒருவரைத் துணைக்கழைத்து, கழற்றிப் பார்ப்பாராக. கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாகக் கடதாசியின்மேல் வைத்து, அருகே இலக்கம் எழுதுதல் நன்று. பூட்டும்போது அவ்வரிசையையே திருப்பிப் படித்தாற் போதும். முதல் முறை பூட்டிய பின்னர் ஓர் ஆணி மிஞ்சும். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் காணும் வரையும் எழுந்திருக்க வேண்டா.